லாஸ் ஏஞ்சலஸுக்குப் புதிதாக வருகிறீர்களா? வண்டி, பார்க்கிங், சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர் பையன், கல்லூரித் தோழியின் தங்கை, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் 11 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது.

உண்மையில் எவ்வளவு பெரிய ஊர்?

லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்தின் நிலப்பரப்பு மட்டும் ஏறத்தாழ 1,210 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். ஆனால் மாநகர எல்லையோடு ஊர் முடிவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்குள், அதாவது நம் மாவட்டம் மாதிரியான ஒன்றுக்குள், 88 நகரங்கள் இருக்கின்றன. மொத்தம் சுமார் ஒரு கோடிப் பேர். சான்டா மோனிகா, பெவர்லி ஹில்ஸ், பாசடீனா, கல்வர் சிட்டி எல்லாமே தனித்தனி நகரங்கள். ஒரு தெருவைத் தாண்டினால் வேறு ஊர், வேறு பார்க்கிங் விதி, சில சமயம் வேறு விற்பனை வரி.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. வந்த புதிதில் எல்லோரும் "ஊரின் மையம் எது?" என்று தேடுகிறார்கள். டவுன்டவுனில் உயரமான கட்டடங்கள் இருப்பதால் அதுதான் மையம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஊருக்கு அப்படி ஒரு நடுப்புள்ளி கிடையாது. நீங்கள் குடியிருக்கும் இடத்தைச் சுற்றி 20 நிமிடத்தில் போய்வரக்கூடியதுதான் உங்கள் ஊர். மீதியெல்லாம் நேரம் பார்த்துப் போகிற வெளியூர் மாதிரி.

மேப்பில் 15 மைல்தான் காட்டுகிறது. அரை மணி நேரம் போதாதா?

எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? இங்கே தூரத்தைக் கேட்டால் எல்லோரும் முதலில் இதைத்தான் திருப்பிக் கேட்பார்கள். சான்டா மோனிகா கடற்கரையிலிருந்து டவுன்டவுன் ஏறத்தாழ 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். ஞாயிறு காலை 7 மணிக்கு 20 நிமிடத்தில் போய்விடலாம். அதே சாலையில் வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் இந்த ஊரில் தூரத்தை யாரும் மைலில் சொல்வதில்லை, நிமிடத்தில்தான் சொல்வார்கள்.

காலையில் 7 முதல் 10 வரை, மாலையில் 3 முதல் 7 வரை நெரிசல். வெள்ளிக்கிழமை 2 மணிக்கே தொடங்கிவிடும். திசையும் முக்கியம். மேற்குப் பக்கம் வேலை அதிகம், அங்கே வாடகையும் அதிகம். அதனால் காலையில் வண்டிகள் மேற்கே போகின்றன, மாலையில் கிழக்கேயும் மலைக்கு வடக்கே உள்ள சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குக்கும் திரும்புகின்றன. பள்ளத்தாக்குக்குப் போக 405 என்ற ஃப்ரீவே, அதாவது சிக்னல் இல்லாத விரைவுச் சாலை, செபுல்வெடா கணவாய் வழியாக மலையைத் தாண்டுகிறது. அங்கே மாலையில் மாட்டினால் பொறுமைதான் வேண்டும். அந்தக் கணவாயில் பல வருடம் வேலை செய்து 2014-இல் ஒரு கார்பூல் லேனை, அதாவது ஒருவருக்கு மேல் போகும் வண்டிகளுக்கான பாதையை, திறந்தார்கள். அதற்கப்புறமும் நெரிசல் தீரவில்லை.

வீடு எங்கே பார்ப்பது?

வாடகையைப் பார்த்து வீடு தேடாதீர்கள், வேலைக்குப் போகும் பாதையைப் பார்த்துத் தேடுங்கள். மாதம் 300 டாலர் மிச்சம் என்று ஒருவர் பள்ளத்தாக்கில் வீடு எடுத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் எல் செகுண்டோவில் வேலைக்குப் போகிறார் என்றால், தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த 405-இல் கழியும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு அந்த வழியில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வீட்டைக் காட்டுகிறவர் உங்களை மதியம் 12 மணிக்குத்தான் கூப்பிடுவார்.

இன்னொன்று: "எல்ஏவில் வேலை" என்று சொல்லி இர்வைனுக்கு வருகிறவர்கள் உண்டு. இர்வைன் ஆரஞ்சு கவுண்டியில் இருக்கிறது, டவுன்டவுனிலிருந்து தெற்கே சுமார் 40 மைல். அது வேறு வாழ்க்கை. அலுவலகத்தின் முழு முகவரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய லைசென்ஸ் போதுமா?

சுற்றிப் பார்க்க வந்தவர்கள் செல்லுபடியாகும் தங்கள் ஊர் லைசென்ஸை வைத்து ஓட்டலாம். இங்கே குடியேறிவிட்டால் 10 நாளுக்குள் கலிபோர்னியா லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. டிஎம்வி என்கிற அரசு அலுவலகத்தில் எழுத்துத் தேர்வு 36 கேள்விகள், 30 சரியாக இருந்தால் தேர்ச்சி. அடுத்தது ஓட்டும் தேர்வு. அதற்கு வண்டியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு.

நம்மவர்கள் பெரும்பாலும் ஓட்டத் தெரியாமல் தோற்பதில்லை. ஸ்டாப் பலகையில் முழுதாக நிற்காமல் ஊர்ந்து போவது, லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுத் தோளைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பது, இந்த இரண்டில்தான் போகிறது. சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். தலையைத் திருப்புவது பரிசோதகர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திருப்புங்கள்.

ஊரில் பத்து வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். இங்கே என்ன வித்தியாசம்?

சாலையின் வலது பக்கம் போக வேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம், இதெல்லாம் இரண்டு நாளில் கை பழகிவிடும். இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போடுவது மட்டும் ஒரு மாதம் நடக்கும், ஏனென்றால் அந்த இரண்டு குச்சிகளும் இடம் மாறியிருக்கும்.

பழக நேரம் எடுப்பவை வேறு. முதலாவது ஹாரன். நம் ஊரில் ஹாரன் என்றால் "நான் பின்னால் வருகிறேன்" என்று அர்த்தம். இங்கே அது திட்டுவதற்குச் சமம், ஆபத்து வந்தால் மட்டும்தான் அடிக்க வேண்டும். இரண்டாவது, சிக்னல் இல்லாமல் நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பு. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் வலது கைப்பக்கம் இருப்பவருக்கு முதல் உரிமை. நடந்து போகிறவர் இருந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். மூன்றாவது, சிவப்பு விளக்கிலும் வலது பக்கம் திரும்பலாம். ஆனால் முழுதாக நின்று, நடப்பவர்களையும் இடமிருந்து வரும் வண்டிகளையும் பார்த்த பிறகுதான். சிவப்பு அம்புக்குறி எரிந்தால் திரும்பக்கூடாது. ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ சத்தம் போட்டால் வலது ஓரம் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். போலீஸ் உங்களை நிறுத்தினாலும் வலது ஓரம்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் கீழே இறங்கி அவரிடம் நடந்து போகாதீர்கள். காருக்குள்ளேயே, கைகள் ஸ்டியரிங்கில் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

இடது பக்கம் திரும்புவதுதான் பயமாக இருக்கிறது. எப்படித் திரும்புவது?

எல்லோருக்கும் பயம் இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய சாலைகளின் பல சந்திப்புகளில் இடது அம்புக்குறி இருக்காது. பச்சை விழுந்தாலும் எதிரே வண்டிகள் விடாமல் வந்துகொண்டே இருக்கும். கோட்டிலேயே நின்றால் அன்று முழுக்க நிற்க வேண்டியதுதான்.

பச்சை விழுந்ததும் சந்திப்பின் நடுவரைக்கும் மெதுவாக முன்னேறுங்கள். சக்கரத்தை நேராகவே வைத்திருங்கள், முன்கூட்டியே திருப்பி வைக்காதீர்கள். பின்னால் யாராவது இடித்தால், திருப்பி வைத்த சக்கரம் உங்களை எதிர் லேனுக்குள் கொண்டுபோய்விடும். எதிரே இடைவெளி கிடைத்தால் திரும்புங்கள். கிடைக்காவிட்டால் மஞ்சள் விழும்வரை அங்கேயே காத்திருங்கள். மஞ்சள் விழுந்து, எதிரே வருகிற வண்டி உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அவர் நிற்பார் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில், நீங்கள் போகப்போகும் தெருவைக் கடக்கிறவர்களைப் பாருங்கள். எதிர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நடப்பவரைத் தவறவிடுவதுதான் இந்தத் திருப்பத்தில் மிகப் பெரிய ஆபத்து.

அப்புறம், வழி சொல்லும் செயலி இரண்டு நிமிடம் மிச்சப்படுத்த உங்களை ஒரு சின்னத் தெரு வழியாகக் கூட்டிப்போய், சிக்னலே இல்லாத இடத்தில் ஆறு லேன் சாலையைத் தாண்டி இடது பக்கம் திரும்பச் சொல்லும். கேட்காதீர்கள். வலது பக்கம் திரும்பி, அடுத்த சிக்னலில் திரும்பி வாருங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஃப்ரீவேயில் முதல் முறை எப்போது ஓட்டுவது?

ஞாயிறு காலை 7 மணி. கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் சரிவில் வேகத்தைக் கூட்டி, ஃப்ரீவே வண்டிகளின் வேகத்தை எட்டிய பிறகு கலக்க வேண்டும். பயத்தில் சரிவின் முடிவில் நிற்பதுதான் ஆபத்து. நெரிசல் நேரத்தில் அந்தச் சரிவிலேயே ஒரு விளக்கு இருக்கும், ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு வண்டி. வலது ஓர லேனில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பின்னிக்கொண்டே இருப்பதால் புதியவர்கள் வலமிருந்து இரண்டாவது லேனில் போவது நிம்மதி. எக்ஸிட்டைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அடுத்ததில் இறங்கித் திரும்பலாம், பின்னால் எடுக்கவோ லேன்களைக் குறுக்கே வெட்டவோ கூடாது.

பழகுவதற்குப் பாசடீனா போகும் 110-ஐ மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அழகான சாலை, இருபுறமும் மரம். ஆனால் 1940 டிசம்பரில் திறந்தது, அந்தக் காலத்து வேகத்துக்குக் கட்டியது. ஏறும் இடத்தில் ஸ்டாப் பலகை இருக்கும், நின்ற நிலையிலிருந்து நேராக ஓடும் போக்குவரத்துக்குள் பாய வேண்டும். இறங்கும் சில வளைவுகளில் 5 மைல் வேகம்தான்.

"சிக்அலர்ட்" என்று ரேடியோவில் சொன்னால், திட்டமிடாத ஏதோ ஒன்றால் லேன் அரை மணி நேரத்துக்கு மேல் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். 1955-இல் லாயிட் சிக்மன் என்ற வானொலிக்காரர் இதற்கான கருவியை உருவாக்கினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கார்பூல் லேனில் யார் போகலாம்?

பலகையில் எழுதியபடி இரண்டு பேர், சில இடத்தில் மூன்று பேர். கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். இரட்டைக் கோட்டைத் தாண்டி உள்ளேயோ வெளியேயோ போகக்கூடாது, அபராதம் ஏறத்தாழ 500 டாலர். 110, 10 ஆகிய ஃப்ரீவேக்களில் உள்ள எக்ஸ்பிரஸ் லேன்கள் என்ற கட்டண லேன்களில் கார்பூலாகப் போனாலும் ஃபாஸ்ட்ராக் என்ற சுங்கக் கருவி வண்டியில் இருக்க வேண்டும்.

கார் இல்லாமல் வாழ முடியாதா?

இடத்தைப் பொறுத்து முடியும். எல்லோரும் "முடியவே முடியாது" என்று சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. இந்த ஊரில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் டிராம் ஓடியது. 1963-இல் கடைசி டிராமையும் நிறுத்தினார்கள். 1990-இல் லாங் பீச்சுக்கு ரயில் பாதை திறந்து மறுபடி தொடங்கினார்கள். இப்போது கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான்டா மோனிகா கடற்கரை வரை ஒரே ரயிலில் ஈ லைனில் போகலாம். கட்டணம் 1.75 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறினால் மறுபடி கட்ட வேண்டாம். டேப் என்ற பயண அட்டையில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் ஒரு நாளில் 5 டாலருக்கு மேல் கழியாது, வாரத்தில் 18 டாலருக்கு மேல் கழியாது. பல்கலைக்கழகத்தில் படிக்க வருபவர்கள் பாதையோரம் வீடு எடுத்தால் முதல் வருடம் கார் வாங்காமலே சமாளிக்கலாம். கொரியாடவுனில் இரவுச் சாப்பாட்டுக்கு நான் கார் எடுப்பதே இல்லை. அங்கே பார்க்கிங் தேடும் நேரத்தில் ரயிலில் போய்ச் சாப்பிட்டு முடித்துவிடலாம்.

கார் வாங்கினால் இன்ஷூரன்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். 2025 முதல் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், ஒருவருக்குக் காயம் என்றால் 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. இங்கே ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. இதைவிடக் கூட எடுங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாதவர் வந்து இடித்தால் காப்பாற்றும் பிரிவையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கம்பத்தில் நான்கு பார்க்கிங் பலகை. எதை நம்புவது?

நான்கையும். மேலிருந்து கீழே படியுங்கள். எல்லாவற்றிலும் "நிறுத்தலாம்" என்று வந்தால்தான் நிறுத்தலாம், ஒன்றில் கூடாது என்றிருந்தாலும் கூடாது. அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள். கைக்கடிகாரத்தைப் பாருங்கள், கிழமையைப் பாருங்கள். தெரு கூட்டும் நாளில் நிறுத்தினால் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 73 டாலர் அபராதம். நடைபாதை விளிம்பின் நிறமும் பேசும்: சிவப்பு என்றால் நிற்கவே கூடாது, வெள்ளை ஆள் ஏற்றி இறக்க, மஞ்சள் சரக்கு வண்டிக்கு, பச்சை கொஞ்ச நேரம் மட்டும், நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. நடப்பவர் கடக்கும் கோட்டுக்கு முன்னால் 20 அடிக்குள் நிறுத்தக்கூடாது என்று 2025-இலிருந்து அபராதம் போடுகிறார்கள், அங்கே பலகை எதுவும் இல்லாவிட்டாலும்.

எல்லாவற்றிலும் மோசமானது "4 முதல் 7 வரை, இழுத்துச் செல்லப்படும்" என்ற பலகை. பெரிய சாலைகளில் ஓர லேன் பகலில் பார்க்கிங், மாலையில் ஓடும் பாதை. நான் வந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, ஒலிம்பிக் சாலையில் வண்டியை விட்டுவிட்டு பார்சல் வாங்கப் போனேன். கடையில் கூட்டம். கையில் சூடான பையோடு 4 மணி 10 நிமிடத்துக்கு வெளியே வந்தால், என் கார் நின்ற இடத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது. திருட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். பக்கத்துக் கடைக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் பலகையைக் கை நீட்டிக் காட்டினார். வண்டியை மீட்கப் பல நூறு டாலர் கட்டினேன், இரவு 8 மணி ஆகிவிட்டது. அன்றிலிருந்து பெரிய சாலையில் நிறுத்தினால் போனில் 3:45-க்கு அலாரம் வைத்துவிடுவேன். நீங்களும் வையுங்கள்.

கட்டணப் பார்க்கிங்கில் விட்டால், சாப்பிட்ட கடையில் "வேலிடேட் செய்வீர்களா" என்று சீட்டைக் காட்டிக் கேளுங்கள். முத்திரை வைத்துக் கொடுத்தால் கட்டணம் குறையும், சில இடத்தில் இல்லாமலே போகும். கேட்டால்தான் தருவார்கள்.

நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

எந்தப் பெரிய சாலையில் போனாலும் மூலையில் ஒரு எல் வடிவக் கட்டடம் இருக்கும். முன்னால் பத்துப் பன்னிரண்டு கார் நிற்க இடம். லாண்டரி, நகம் அழகுபடுத்தும் கடை, போன் கடை, கம்போடியக் குடும்பம் நடத்தும் டோநட் கடை, நடுவில் ஒரு சின்ன உணவகம். இதைத்தான் ஸ்ட்ரிப் மால் என்கிறார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து மூலைகளில் இருந்த பெட்ரோல் பங்குகள் பல மூடின. அந்த மனைகளில் எழுந்தவை இவற்றில் நிறைய. வாடகை குறைவு என்பதால் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் முதல் கடையை இங்கேதான் போட்டார்கள். தன் ஊர்க்காரருக்காகவே சமைக்கிற கடை என்பதால் ருசியில் சமரசம் இருக்காது. வெளியே பார்த்து எடை போடாதீர்கள்.

இதை ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் ஜோனதன் கோல்ட். பிக்கோ சாலையில் இருந்த உணவகங்களில் ஒவ்வொன்றாகச் சாப்பிடுவது என்று இளவயதில் கிளம்பியவர். 2007-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றார், உணவு விமர்சகர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 2018-இல் காலமானார்.

என் வழி இது: ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பகுதி. ஊரெங்கும் குறுக்கும் நெடுக்கும் ஓடி மூன்று கடையில் சாப்பிடாதீர்கள், பாதி நாள் காரில் போய்விடும். சீனச் சாப்பாடு என்றால் கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு. அல்ஹாம்ப்ரா, சான் கேப்ரியல் ஆகிய ஊர்களின் வழியே வேலி பொலிவார்ட் என்ற சாலையில் போனால் மைல் கணக்கில் கடைகள். டிம் சம் என்ற சீனச் சிற்றுண்டி சாப்பிட ஞாயிறு காலை 10 மணிக்கு முன்பே போய்விட வேண்டும், அதற்கப்புறம் வரிசை. தாய்லாந்துச் சாப்பாட்டுக்கு ஹாலிவுட் பொலிவார்டின் கிழக்குப் பகுதியில் தாய் டவுன். காரம் "தாய் ஹாட்" என்று கேட்டால் உண்மையாகவே நம் நாக்குக்குப் போதும்.

ஜன்னலில் ஏ, பி, சி என்று பெரிய எழுத்து ஒட்டியிருப்பார்கள். அது சுகாதாரச் சோதனை மதிப்பெண், 1998 முதல் கவுண்டி கொடுக்கிறது. 90 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ. ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டாக்கோ வண்டியில் எப்படி வாங்குவது?

டாக்கோ என்றால் சின்ன மக்காச்சோள ரொட்டியில் இறைச்சி வைத்துத் தரும் மெக்சிகன் சாப்பாடு. இரவு 8 மணிக்கு மேல் போங்கள். வண்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து சுழலும் கம்பியில் சிவப்பாக மசாலா தடவிய இறைச்சி, உச்சியில் ஒரு அன்னாசி. அதுதான் அல் பஸ்தோர், பன்றி இறைச்சி. பார்க்க ஷவர்மா மாதிரி இருப்பது தற்செயலில்லை, லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுபோன முறை. சமைப்பவர் இடது கையில் சின்ன மக்காச்சோள ரொட்டியைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கத்தியால் இறைச்சியைச் சீவி அதில் விழவைப்பார். அப்புறம் கத்தி நுனியால் உச்சி அன்னாசியை ஒரு தட்டுத் தட்டுவார். துண்டு பறந்து வந்து டாக்கோவில் விழும்.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் கொஞ்சம்தான். போயோ என்றால் கோழி. அசாதா, லெங்குவா மாட்டிறைச்சி வகை, இரண்டாவது நாக்கு. கார்னித்தாஸ் பன்றி. விலையை வண்டியிலேயே எழுதியிருப்பார்கள். பல இடத்தில் ரொக்கம் மட்டும், 20 டாலர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், கொத்தமல்லி போடவா என்று கேட்பார்கள், "கொன் தோதோ" என்றால் எல்லாம் போட்டு. முள்ளங்கி, எலுமிச்சை, சட்னி வகைகள் ஓரத்தில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். பச்சையைவிடச் சிவப்பு காரம் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு வண்டியிலும் வேறு. ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

நிச்சயமாக இல்லை, ஆனால் கேட்க வேண்டும். மெக்சிகன் கடையில் பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு, "மன்தேக்கா இருக்கிறதா" என்று கேளுங்கள். சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. தாய்லாந்துக் கடையில் காய்கறிப் பதார்த்தத்திலும் மீன் சாறு ஊற்றுவார்கள். "வெஜிடேரியன்" என்ற ஒற்றை வார்த்தையோடு நிறுத்தாதீர்கள், எது எது வேண்டாம் என்று பெயர் சொல்லுங்கள்.

சைவக்காரர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஃபேர்ஃபாக்ஸ் சாலையில் உள்ள லிட்டில் எத்தியோப்பியாவைத்தான். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் விரதம் இருந்து மாமிசம், பால் எதையும் தொடமாட்டார்கள். அதனால் அவர்கள் சைவச் சமையல் ஒப்புக்குச் செய்ததாக இருக்காது. டெஃப் என்ற தானிய மாவைப் புளிக்கவைத்து வார்த்த இஞ்சேரா, பெரிய தட்டளவு, மேலே ஆப்பம் போலக் கண் கண்ணாக இருக்கும். அதன்மேல் மைசூர்ப் பருப்புக் குழம்பு, கடலை மாவில் செய்த ஷிரோ, கீரை, முட்டைக்கோஸ். கையால்தான் சாப்பிட வேண்டும். ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா, ஓட்டல் சாப்பாடே வேண்டாம் என்று பத்து நாள் பிடிவாதமாக இருந்தவர், இஞ்சேராவைப் பிய்த்து ஒரு வாய் வைத்துவிட்டு "அட, நம்ம புளிச்ச மாவு தோசைதானே இது" என்றார். இரண்டாவது இஞ்சேராவும் வாங்கினோம்.

இட்லி, தோசை, மளிகை?

ஆர்ட்டீசியா. 91 ஃப்ரீவேயில் பயனீர் பொலிவார்டில் இறங்கினால் லிட்டில் இந்தியா. புடவைக் கடை, நகைக் கடை, மளிகை, தோசை எல்லாம் ஒரே தெருவில். சனி மாலை பார்க்கிங் கிடைப்பது சிரமம், ஞாயிறு காலை போங்கள். மேற்கே கலபாசஸ் மலைகளுக்குள், லாஸ் வர்ஜெனஸ் சாலையில், மலிபு கோயில் என்று எல்லோரும் சொல்லும் வேங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. வெள்ளைக் கோபுரத்துக்குப் பின்னால் பழுப்பு மலை, பார்க்கவே மனது அடங்கும். தரிசனம் முடித்து அதே சாலையில் மேலே போனால் கடல்.

பில் 40 டாலர் என்றார்கள், கையிலிருந்து 52 போனது. எப்படி?

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் விற்பனை வரி 9.75 சதவீதம், 3.90 டாலர். பரிமாறுகிறவர் இருக்கும் கடையில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம், 8 டாலர். மொத்தம் 51.90. பில்லில் ஏற்கெனவே சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் எழுதுங்கள். கவுண்டரில் நின்று நாமே வாங்கினால் டிப்ஸ் உங்கள் விருப்பம்.

மழை இல்லாத ஊர்தானே, ஓட்ட எளிது?

மாதக்கணக்கில் மழையே இருக்காது, அதுதான் பிரச்சினை. சாலையில் எண்ணெய் படிந்து கிடக்கும். முதல் மழையில் அது மேலே வந்து வழுக்கும். அன்று வேகத்தைக் குறைத்து, முன் வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விடுங்கள். மே, ஜூனில் ஜகரண்டா மரத்தடியில் வண்டியை விட்டால் ஊதாப் பூ கொட்டி ஒட்டிக்கொள்ளும். அன்றே கழுவிவிடுங்கள்.

அம்மா அப்பா ஆறு மாதம் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது?

அவர்களை நினைத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் காலையில் இறங்கி நடந்து, பால் வாங்கி, நான்கு பேரிடம் பேசிவிட்டு வருகிறவர்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு, கார் இல்லாமல் எங்கும் போக முடியாத தெருவில் நாள் முழுக்க அடைந்து கிடந்தால், மூன்றாவது வாரமே டிக்கெட்டை முன்கூட்டி மாற்றச் சொல்வார்கள். நடக்கும் தூரத்தில் ஒரு பூங்கா, ஒரு மளிகைக் கடை, ஒரு நூலகக் கிளை, ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பஸ்ஸிலும் ரயிலிலும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான டேப் அட்டைக்கு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். முதல் நான்கைந்து முறை நீங்களும் கூடவே ஏறுங்கள்.

என் அம்மா வந்தபோது முதல் வாரம் வெளியே போகவே பயந்தார். எங்கள் தெருமுனையில் வானவில் குடை விரித்த பழவண்டி ஒன்று நிற்கும். ஒரு நாள் கூட்டிப்போனேன். வண்டிக்கார அம்மா கண்ணெதிரே மாம்பழத்தையும் வெள்ளரியையும் நீளநீளமாக வெட்டி, பையில் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக் கொடுத்தார். அம்மா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "மெரினாவுல விக்கிற மாங்காய் மாதிரியே இருக்கே" என்றார். மறுநாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது போன் செய்து, தனியாகவே போய் வாங்கி வந்ததாகச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கை காட்டித்தான் பேசியிருக்கிறார்கள். மிளகாய்த் தூளை இன்னும் கொஞ்சம் போடச் சொல்ல, "மாஸ்" என்ற ஒரு ஸ்பானிஷ் வார்த்தையை மட்டும் அன்று கற்றுக்கொண்டு வந்திருந்தார்.